மாட்டிப் பார்ப்பவள்

எங்கள் அப்பா நடத்தும் ஆட்டத்தில் ஒரு பொருளுக்குள் மந்திரம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது சுலபம். அது என்ன மந்திரம் என்று கண்டுபிடிப்பதற்குள்தான் உயிர் போய்விடும்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கழுதை வயசான நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து “நான் கதவை உதைக்கிறேன்” என்று கத்துவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். “இருட்டறை, மூலையில ஒரு பெட்டி” என்று அவர் சொல்வார். நாம் என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை இருபது பக்கப் பகடை தீர்மானிக்கும். என் அண்ணன் திருடன். அண்ணி கோடாரிக்காரி. நான் மந்திரக்காரி. நடத்துவது அப்பா.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஆறு வருடம் முன்பு லிஃப்ட் குழிக்குள் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து குளியலறைக்கு. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. ஊரெல்லாம் லிஃப்டை ஓடவைத்த மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கடைசியாக அவர் தெருவைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது, அதுவும் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போனபோது.

அவர் படுத்த படுக்கையாக இருந்த நாட்களில், யாரோ வீடு மாற்றும்போது தள்ளிவிட்டதென்று அண்ணன் ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே பகடைகளும் ஒரு தடித்த விதிப்புத்தகமும். அப்பா அதை மோட்டார் கையேடு மாதிரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். மூன்றாவது வாரம் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு திருத்தவே ஆரம்பித்துவிட்டார்.

முதல் வெட்டு, பொருளை அடையாளம் காட்டும் மந்திரத்துக்கு. புத்தகத்தின்படி மந்திரக்காரி கொஞ்ச நேரம் கண்ணை மூடி முணுமுணுத்தால் போதும், மோதிரமோ வாளோ தன் சரித்திரம் முழுவதையும் ஒப்பித்துவிடும். “பட்டனை அமுக்கினா எல்லாம் தெரிஞ்சிடுமா? அப்புறம் மனுஷன் எதுக்கு?” என்று அப்பா குறுக்கே கோடு போட்டார். கண்டறியும் மந்திரத்தை மட்டும் விட்டுவைத்தார். அதைச் சொன்னால் மந்திரப் பொருள் மங்கலாக ஒளிரும், அவ்வளவுதான். நல்லதா கெட்டதா, என்ன செய்யும், மூச்சு விடாது. தெரிய வேண்டுமென்றால் யாராவது ஒருவர் மாட்டிப் பார்த்தே தீரவேண்டும்.

எனக்கு இது புதிதல்ல. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கேயும் முதல் சோதனை “ஏதோ இருக்கு” என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். என்ன இருக்கிறது என்பதற்கு இன்னொரு சோதனை, இன்னொரு நாள். இந்த வேலையால் அண்ணன் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊசி. முப்பத்துமூன்று வயதிலும் அப்பாவுக்கு நான் பாப்பாதான். அண்ணன் பெரியவன்.

ஒவ்வொரு பொருளின் உண்மையையும் அப்பா ஆட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துவிடுவார். எழுதுவது பழைய லிஃப்ட் பரிசோதனை அட்டைகளில்; வேலையை விட்டபோது ஒரு கட்டு அவர் பையிலேயே தங்கிவிட்டது. மூலையில் ஓட்டை, ஓட்டையில் ஒரு நூல். அச்சடித்த வரிகள்: பொருள், குறை, சரிசெய்யும் முறை, ஒப்படைக்க வேண்டியவர். அட்டை பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட்டால் அப்புறம் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டார். நாங்கள் சரியாகக் கண்டுபிடித்த பிறகுதான் டப்பா திறக்கும். அதுவரை கேட்டதற்குப் பதில், செய்ததற்குப் பலன். கேட்காத ஒன்றை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேஷத்துக்கு நேர்வது ஆளுக்கும் நேர வேண்டும். ஒருமுறை அண்ணி சாபம் பிடித்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். இழுத்தாள், கழலவில்லை. மூன்று ஞாயிறு தலையில் அலுமினியப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள், சிகையலங்காரம் செய்வதைத் தொழிலாக வைத்திருப்பவள். அண்ணனின் காலணியும் அப்படித்தான், கழலாமல் ஒரு மாதம் காலைத் தட்டிக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். சாபம் என்றால் கழலாது என்பது எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. மாட்டிப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்றா சொன்னேன்? யாரும் தள்ளவில்லை. நான்தான் கையை நீட்டினேன்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது, போனில். ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளி இருக்கும் ஓர் ஊரில் பெரிய ஆய்வுக்கூடம். இங்கே நான் ரத்தம் எடுத்துக் குப்பியில் பெயர் ஒட்டுகிறேன். அங்கே எந்தக் கிருமி என்று நானே கண்டுபிடிக்கும் வேலை. மூன்று வருடமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது. கடிதத்தின் அடியில் ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தான். ஞாயிறு மாலை ஐந்து மணிவரைதான் அந்தப் பொத்தான் உயிரோடு இருக்கும்.

வெள்ளி முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை. சனியும் சொல்லவில்லை. அப்பாவைக் குளிக்க வைத்து, முதுகைத் துடைத்து, மாத்திரையைக் கையில் வைக்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும், திரும்ப இறங்கிவிடும். சொன்னால் அவர் “போ” என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். “போகாதே” என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயம். இரண்டில் எது பெரிய பயம் என்று தெரியாமலேயே ஞாயிறு வந்துவிட்டது. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. மேஜைக்கு நேர் எதிரே சுவர்க்கடிகாரம். மணி மூன்றரை.

“செத்துப்போன காவலாளியோட அறை,” என்றார் அப்பா. “அலமாரில மூணு பொருள். ஒரு கத்தி, ஒரு விளக்கு, ஒரு இரும்புக் காப்பு. கூட வந்த கிழவன் வாசல்லயே உக்காந்துட்டான். முட்டி வலிக்குதாம்.”

கிழவன் என்பது இரண்டு மாதமாக எங்களோடு வரும் வழிகாட்டி. அவனுக்கும் அப்பாதான் குரல் கொடுப்பார். தாடையைக் கொஞ்சம் தொங்கவிட்டுக்கொண்டு பேசுவார்.

“மூணையும் பையில போடறேன்,” என்றான் அண்ணன், வழக்கம்போல.

“கையை எடுங்க. முதல்ல ஊசி பாக்கட்டும்,” என்று அண்ணி அவன் முழங்கையில் ஒன்று வைத்தாள்.

கண்டறியும் மந்திரம் சொன்னேன். பகடையில் பதினாலு விழுந்தது. கத்தி சும்மா. விளக்கு சும்மா. காப்பு மங்கலாக ஒளிர்ந்தது.

“யார் மாட்டிப் பாக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு அப்பா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மேஜைக்கு அடியில் போனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

கடிகாரத்தில் நாலு அடிக்கப் போகிறது. சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று எனக்கு. “குடுங்க, நான் போட்டுக்கறேன்,” என்றேன்.

“நீயா?”

“எப்பவும் நான்தானேப்பா? இதென்ன புதுசா கேள்வி?”

அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு ஒரு வெற்று அட்டையிலிருந்து நூலை உருவி என் மணிக்கட்டில் சுற்றினார். அதுதான் காப்பு.

அறையின் அந்தப் பக்கம் ஒரு கிணறு. அண்ணனும் அண்ணியும் கயிறு கட்டி இறங்கினார்கள். நானும் இறங்குகிறேன் என்றேன்.

“முடியல,” என்றார் அப்பா. “கிணத்துக்கு ரெண்டு அடி முன்னாடியே கால் நின்னுடுது.”

“பகடை போடறேன்.”

“பகடைக்கு வேலையில்ல. கால் நகரல.”

அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “போச்சுடா! சாபம்! இனிமே நீ நாற்காலிய விட்டு எழுந்திருக்கக் கூடாது தெரியுமில்ல?”

மணி நாலு பத்து. போன் சமையலறையில். எழுந்து போனால் யார் காலைப் பிடித்து இழுக்கப் போகிறார்கள்? யாருமில்லை. ஆனால் ஆறு வருடமாக இந்த மேஜையில் ஒருத்தரும் விதியை மீறியதில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணிகூட மீறியதில்லை. அப்பாவிடம் மிச்சமிருக்கும் ஒரே உலகத்தில் நானா போய் ஓட்டை போடுவது? உட்கார்ந்தேன்.

சரி, கண்டுபிடித்தால்தானே விடுதலை என்று லேபில் செய்வதுபோல ஒவ்வொன்றாகச் சோதித்தேன். இடது பக்கம் நடக்கிறேன். நாலு அடிக்கு மேல் முடியவில்லை. வலது பக்கம்? ஏழு அடி. வந்த வழியே வாசலுக்கு? போக முடிகிறது, தாராளமாக. கனமான பையை இறக்கி வைக்கிறேன். மாற்றமில்லை. விளக்கை அணைக்கிறேன். மாற்றமில்லை. செருப்பைக் கழற்றுகிறேன். மாற்றமில்லை. ஒவ்வொன்றுக்கும் அப்பா நிதானமாக யோசித்து, காகிதத்தில் குறித்துப் பார்த்து, பிறகுதான் பதில் சொல்வார். நாலு இருபத்தைந்து. நாலரை. ஜன்னலை யாரோ மூடிவிட்டதுபோல எனக்கு வியர்த்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

“கிழவன ரெண்டு அடி உள்ள கூட்டிட்டு வாங்க,” என்றேன்.

அண்ணி கிணற்றிலிருந்து ஏறி வந்து கிழவனைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துவந்தாள்.

“இப்ப கிணத்துப் பக்கம் நடக்கறேன்.”

“ரெண்டு அடி கூடுதலா போக முடியுது,” என்றார் அப்பா.

புரிந்துவிட்டது. “கிழவன்கிட்டருந்து பத்தடிக்கு மேல நான் போக முடியாது. அவர் நகர்ந்தாதான் நான் நகர முடியும். அவர் உக்காந்தா நானும் உக்காரணும். அதானே இந்தக் காப்பு?”

“அய்யோ பாவம்,” என்று அண்ணி சிரித்தாள். “கிழவனுக்கு முட்டி வலி வேற. இனிமே நீ அவன் கூடவேதான் கெடக்கணும்.”

“ஆமா, இது எனக்கு ரொம்பப் புதுசு பாருங்க!” என்று கத்திவிட்டேன்.

கத்தியது எனக்கே கேட்டது. அண்ணி சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். அண்ணன் முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

வாயைத் திறந்தாயிற்று, இனி மூடி என்ன பிரயோஜனம்? எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதம், ஊர், எட்டு மணி நேரம், ஐந்து மணி, பொத்தான். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“நீ போயிட்டா அப்பாவ யாரு பாத்துக்கறது?” என்றான் அண்ணன். யோசிக்காமல் அவன் வாயிலிருந்து விழுந்த முதல் வார்த்தை அதுதான்.

“ஏன், உனக்குக் கை இல்லையா? கால் இல்லையா? ஆறு வருஷமா வர்ற, பகடை உருட்டற, டீ குடிக்கற, படியிறங்கிப் போயிடற. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அப்பாவுக்கு நகம் வெட்டி விட்டிருக்கியா?”

“யாரு உன்ன பழைய வேலைய விட்டுட்டு வரச் சொன்னாங்க? நீயாத்தானே விடுதிய காலி பண்ணிட்டு அன்னைக்கே பெட்டியோட வந்து நின்ன!”

சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. அப்பா விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். யார் பார்த்துக்கொள்வது என்று ஒருத்தரும் கேட்கக்கூட இல்லை. கேட்பதற்குள் நான் பெட்டியோடு வந்துவிட்டேன்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் அண்ணி அவனிடம். இந்தத் தடவை முழங்கையில் இடிக்கவில்லை. குரலே போதுமாக இருந்தது.

அப்பா பிஸ்கட் டப்பாவை இழுத்து, நகத்தால் நெம்பித் திறந்து, ஓர் அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“பாதி கண்டுபிடிச்சிட்ட,” என்றார். “மிச்சத்தப் படி.”

பாதியில் அவர் டப்பாவைத் திறந்தது அதுதான் முதல் தடவை. வாங்கிப் படித்தேன். அச்சு எழுத்துபோல நேர்த்தியான கையெழுத்து.

பொருள்: இரும்புக் காப்பு.
குறை: அணிந்தவர் கிழவனைவிட்டுப் பத்தடிக்கு மேல் போக முடியாது.
சரிசெய்யும் முறை: பூட்டு இல்லை. கழற்றினால் கழன்றுவிடும்.
ஒப்படைக்க வேண்டியவர்: பெரியவன்.

இரண்டு தடவை படித்தேன். பையை இறக்கி வைத்தேன், விளக்கை அணைத்தேன், செருப்பைக்கூடக் கழற்றினேன். காப்பைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரை மணி நேரம். எனக்குத் தோன்றவே இல்லை.

“எனக்கா எழுதினீங்க?” என்று அண்ணன் எட்டிப் பார்த்தான்.

“உனக்குத்தான்,” என்றார் அப்பா. “நீ மாட்டியிருந்தா ரெண்டாவது நிமிஷமே புடுங்கிப் பாத்திருப்ப. அதுக்குத்தான் பூட்டு வைக்கல. அந்த ரெண்டு நிமிஷமாவது கிழவன் பக்கத்துல நிக்கட்டுமேன்னு நினைச்சேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ கைய நீட்டுவன்னு நான் நினைக்கல பாப்பா. நினைச்சிருக்கணும்.”

“நீட்டினப்பவே சொல்லியிருக்கலாமில்ல? இது உனக்கில்லம்மான்னு?” என் குரல் கீச்சென்று போயிற்று. அந்த நூலைப் பற்றித்தான் கேட்டேனா, ஆறு வருடத்தைப் பற்றிக் கேட்டேனா, தெரியாது.

அப்பா வாக்கரின் கைப்பிடியைப் பார்த்தார். நான் கேட்டுவிட்டேன். கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், அது அவரே போட்ட விதி.

“சொல்லியிருக்கலாம்,” என்றார். “சொல்லல. எனக்கு வசதியா இருந்துச்சு.”

அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன். அழுதிருந்தால் நிச்சயம் உட்கார்ந்திருப்பேன். “காப்பைக் கழட்டறேன்,” என்று சத்தமாகச் சொன்னேன், விதிப்படி. நூலின் ஒரு முனையை இழுத்தேன். முடிச்சே போட்டிருக்கவில்லை, சும்மா சுற்றிச் செருகியிருந்தார். ஒரு இழுப்பில் வந்துவிட்டது. மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

சமையலறையில் மணி நாலு நாற்பத்தெட்டு. போனின் பூட்டு மூன்றாவது தடவைதான் திறந்தது. பொத்தான் அங்கேயேதான் இருந்தது. அமுக்கும்போது சந்தோஷம் வரும் என்று மூன்று வருடம் நினைத்திருந்தேன். வரவில்லை. யார் அவர் முதுகைத் துடைப்பார்கள் என்பதுதான் வந்தது. அதோடுதான் அமுக்கினேன். ‘நன்றி, பதில் கிடைத்தது’ என்று ஒரு வரி வந்து நின்றது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது நான் வைத்த இடத்தில் நூல் இல்லை. அண்ணி அதை அண்ணனின் மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க மற்றவர் தலைமுடியைப் பின்னுகிற கை. இரண்டு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினாள்.

“யாருக்கு எழுதினதோ அவங்ககிட்ட ஒப்படைக்கணுமில்ல மாமா?” என்றாள்.

அண்ணன் அதைக் கழற்றுவான் என்று காத்திருந்தேன். இரண்டு நிமிடம் ஆயிற்று. நூலை விரலால் சுற்றிக்கொண்டு, நாற்காலியை அப்பா பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தான். எத்தனை நாளைக்கோ, எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது இனி என் வேலை இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். போட்டாயா என்று கேட்கவில்லை. என் ஈர முகத்திலேயே பதில் இருந்திருக்கும்.

“சரி, உன் முறை. என்ன பண்ணப் போற?”

“கிணத்துல எறங்கறேன்ப்பா.”

“கிழவன் மேலயேதான் இருக்கான். அவனால எறங்க முடியாது.”

“தெரியும்.”

பகடையை என் பக்கம் உருட்டிவிட்டார். எவ்வளவு வந்தால் போதும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசிவிட்டார். தாடையைத் தொங்கவிடாமல், கிழவனின் குரலில் இல்லாமல், குழிக்குள் விழுந்து எழுந்த தன் சொந்தக் குரலில்.

“பாத்து எறங்கும்மா.”